எக்காளக்காரரின் பக்கத்து வீடு

சிவசம்பு யாழ்ப்பாணத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. நாற்பதைத் தாண்டியதும் அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மைக்கூட்டை யாராவது நகர்த்தி வைத்தால்கூட எரிந்து விழுவார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அத்தான்தான் அவருக்கு மூச்சுப் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தார். பதினாறு எண்ணும்வரை இழுக்க வேண்டும், அறுபத்து நான்குவரை அடக்க வேண்டும், முப்பத்திரண்டுவரை விட வேண்டும். எண்ணிக்கைக்கு மனத்துக்குள் ‘நமசிவாய’. முடிவில் வாய்விட்டு நீண்ட ஓங்காரம்.

மூன்று மாதத்தில் அலுவலகத்தில் அவர் குரல் தணிந்தது. நான்காம் மாதம், 1927 தொடக்கத்தில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் உஸ்மான் குடிவந்தார். அவர் பேண்டுக் குழுவில் எக்காளம் ஊதுகிறவர். விடிந்ததும் பழகத் தொடங்குவார். அதே நேரம் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் சிவசம்புவின் கணக்கு நாற்பதோடு அறுந்துபோகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இஞ்சேருங்கோ, ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி கனகம்மா. “முந்தி மாதிரிக் கத்தாமல் சொல்லுங்கோ.”

போனார். கதவைத் திறந்த உஸ்மான், இவர் வாயெடுக்குமுன் மலாயில் கேட்டார்:

“கிராணி, காலையில வண்டு மாதிரி ஒரு சத்தம் வருதே, அது நீங்களா? நான் ரெண்டு மூச்சு எடுத்தாலும் நீங்க ஒண்ணுலயே இருக்கீங்க. எப்படி?”

சொல்ல வந்ததைச் சிவசம்பு மறந்தே போனார்.

அன்று மாலையே இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எண்ணிக்கைக்கு உஸ்மான் தம்முடைய தொழுகையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார். முதல் வாரம் அவருக்குத் தலை சுற்றியது. “அவசரப்படாதீங்க. இழுக்கிறது பெரிசில்லை, விடுறதிலதான் எல்லாம் இருக்கு,” என்றார் சிவசம்பு. பதிலுக்கு உஸ்மான் தம் எக்காளப் பயிற்சியை ஓங்காரம் முடிந்த பிறகே வைத்துக்கொண்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு, கடலோரத் திடலில் ஒரு ஞாயிறு மாலை பேண்டுக் கச்சேரி. அன்றைய இசையில் முடிவே இல்லாததுபோல் ஒரு நீண்ட சுரம் உண்டு. வழக்கமாக இரண்டு பேர் அதை மாற்றி மாற்றி ஊதுவார்கள். அன்று உஸ்மான் ஒருவரே எழுந்து நின்றார். ஊதத் தொடங்கினார். கூட்டத்தில் இருந்த சிவசம்பு தம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினார். சுரம் நீண்டது. சிவசம்புவின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது.

கனகம்மா அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள். “ஊதுறது அவரல்லோ, நீங்கள் மூச்சை விடுங்கோ.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூச்சு வந்ததும் சிவசம்புவும் சிரித்தார். மேடையில் சுரம் நடுங்காமல் போய் முடிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மறுவாரம் பேண்டிலிருந்து இன்னும் நான்கு பேர் மூச்சுப் பயிற்சிக்கென்று வந்து சிவசம்பு வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். கனகம்மா எல்லோருக்கும் கோப்பி போட்டாள். “தியானத்துக்கு வாறியளோ, கோப்பிக்கு வாறியளோ?” என்று தமிழில் கேட்டாள். புரியாவிட்டாலும், கேள்வி என்னவென்று அவர்கள் ஊகித்துவிட்டார்கள். “கோப்பிக்கு” என்றார் ஒருவர் மலாயில்.