உதைச்ச கால்

எங்க வூட்டுக்காரருக்கு வலது கால்தான் பலம். வலை இழுக்கிறப்ப ஊணுற காலும் அதான், என்னை உதைக்கிற காலும் அதான். குழம்புல உப்பு கொறைஞ்சா உதை, மார்க்கெட்லேர்ந்து வர நேரமானா உதை. நான் புதுப்பட்டினம் மார்க்கெட்ல மீன் வெட்டிக் குடுக்கிறவ. வீங்குன இடுப்போட குந்திகினு வஞ்சிரம் வெட்டுன நாளெல்லாம் கீது. அதுக்குன்னு என்னைப் பொறுமைசாலின்னு யாரும் சொல்லிடாதீங்க. திருப்பி அடிச்சிருக்கேன், கையைக் கடிச்சிருக்கேன். ஆனா அந்தாளு கால் ஒலக்கை.

அந்தக் கால்தான் மொதல்ல தகராறு பண்ணுச்சு. கரையிலேர்ந்து வூட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள கெண்டைக்கால் கவ்விப் புடிக்குதுன்னு நின்னுடுவாரு. கொஞ்சம் நின்னா வுட்டுடும். நடந்தா திரும்பப் புடிக்கும். சரக்கு ஏறிப்போய் நிக்கிறான்னு ஒருத்தன் சிரிச்சான், அவன் மூக்கை ஒடைச்சுட்டு வந்தாரு. நான் தொட்டுப் பார்த்தேன். இடது கால் கதகதன்னு கீது, வலது கால் ஐஸ் பொட்டியில கெடந்த மீனாட்டம் சில்லுன்னு கீது. மொழங்காலுக்குக் கீழ முடியெல்லாம் கொட்டி தோல் பளபளன்னு மின்னுது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா. சக்கரை வேற கீது, பீடியையும் வுட மாட்டேன்ற" ன்னேன். பதிலுக்கு அந்தக் காலாலயே ஒண்ணு வுட்டாரு.

எங்காளுங்ககிட்ட ஒரு வைத்தியம் கீது. கால் கடுத்தா, உச்சி வெயில்ல கரை மணலைத் தோண்டி முட்டி வரைக்கும் பொதைச்சுகினு குந்துவாங்க. சூடு தாங்கலைன்னா உருவிடுவாங்க, அதான் அதுக்கு அளவு. இவரு உருவவே இல்லை. சூடே தெரியலியாம். சொகமா கீதுன்னு பீடி வலிச்சுகினு குந்தியிருந்தாரு. வூட்டுக்கு வந்ததும் கால்ல தண்ணி ஊத்துனேன், பாதத்துத் தோலு கையோட வந்துச்சு. கத்துனது நான்தான். அவரு அடுத்த பீடியைப் பத்த வெச்சாரு.

அந்தப் புண்ணு ஆறவே இல்லை. வெரலுங்க கருத்துச்சு. நாத்தம். கெட்டுப்போன மீனை நான் தூரத்துலயே கண்டுபுடிப்பேன், எனக்கா தெரியாது? மறுபடி ஆஸ்பத்திரின்னு வாயைத் தொறந்தேன். சொம்பு பறந்து வந்து நெத்தியைப் பொளந்துடுச்சு. கண்ணுல ரத்தம் வழியுது. எனக்குன்னா இப்படிக் கொட்டுது, இந்தாளு காலுக்கு ஒரு சொட்டு எறங்க மாட்டேங்குதேன்னு ஆத்திரம் வந்துடுச்சு. மீன் வெட்டுற கத்தியை எடுத்துகினு வந்து நின்னேன்.

"ஆட்டோல ஏறுறியா, இல்லை நானே இங்கயே வெட்டட்டுமா?"

என் மூஞ்சைப் பார்த்தாரு. ஏறிட்டாரு. திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு போற வரைக்கும் கத்தி என் மடியிலதான் கெடந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கணுக்கால்ல நாடி தேடுனாங்க. சிக்கலை. பேனா மாதிரி ஒரு மிஷினை வெச்சாங்க. இடது கால்ல ரத்தம் ஓடுற சத்தம் குபுக் குபுக்னு கேட்டுச்சு. வலது கால்ல வெறும் இரைச்சல்.

"ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சும்மா. பாதம் செத்துடுச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும், இல்லைன்னா விஷம் ஏறி ஆளே போயிடுவாரு" ன்னாங்க.

இவரு குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிவுட்டாரு. புடிக்க வந்தவங்களைக் குத்துனாரு. "காலை எடுத்தா உன்னைக் கொன்னுடுவேன்டி" ன்னு என் கழுத்தைப் புடிச்சாரு.

"உசுரோட இருந்தாதானேய்யா கொல்லுவ" ன்னேன். கை தளந்துடுச்சு. அப்புறம் அவரே தலையை ஆட்டுனாரு.

காலை எடுத்தாச்சு. வூட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல, டீ ஆறிப்போச்சுன்னு கோவம். கட்டில்ல குந்தியிருந்தவரு பழக்க தோசத்துல வலது காலை வீசுனாரு. கட்டுப் போட்ட மொட்டைக் காலுதான் வந்துச்சு. என்மேல படவே இல்லை. ஆனா என் ஒடம்பு இடுப்பைப் புடிச்சுகினு செவுத்தோட ஒட்டிக்கிச்சு.

அவரு நெலை தடுமாறி கீழ வுழுந்தாரு. எழுந்திருக்க முடியலை. "இல்லாத வெரலு எரியுதுடி" ன்னு கொழந்தையாட்டம் அழுதாரு.

"எனக்கும்தான்யா, இல்லாத காலு உதைச்சு இடுப்பு வலிக்குது" ன்னேன்.

அக்குள்ல கை குடுத்துத் தூக்கி உக்கார வெச்சேன். டீயை மட்டும் சூடு பண்ணிக் குடுக்கலை.