காலேஜ் நகரில் பாவு நீட்டிய காலை

எங்கள் தெருவில் யாராவது காலேஜ் நகரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதற்கு அரசாங்கத்தில் வேறு ஏதோ பெயர் உண்டு. ஆரணிக்காரர்களுக்கு அது காலேஜ் நகர்தான். நகராட்சி எல்லைக் கல்லைத் தாண்டி, கல்லூரி மதில் முடிகிற இடத்தில் அது தொடங்கும். பேராசிரியர்கள், பட்டு முதலாளிகள், ஒரு டாக்டர் என்று வசதியானவர்கள் மனை வாங்கிக் கட்டிய மாடி வீடுகள். இரண்டு பக்கமும் மரம் வைத்த நேரான தார் ரோடு.

எனக்கு இருந்த ஆச்சரியம் வீடுகளைப் பற்றியது அல்ல. அந்த ரோடு நகராட்சியுடையது இல்லையாம். அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்தும் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லையாம். தண்ணீர் டேங்க், தெரு விளக்கு, வாட்ச்மேன் எல்லாம் அவர்களே சேர்ந்து போட்டுக்கொண்டது. அப்படியானால் விளக்கு எரியாத அன்று அவர்கள் யாரைத் திட்டுவார்கள்? எங்கள் தெருவில் கவுன்சிலரைத் திட்டுவதில்தான் பெரியவர்களுக்குப் பாதிப் பொழுது போகும். திட்டுவதற்கு ஆளே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

ஒரு சித்திரை மாதம் எங்கள் தெருவைச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், பாவு என்கிற நீளவாக்குப் பட்டு நூல்களைத் தெருவில் நீளமாக நீட்டி, கஞ்சி தெளித்து, பிரஷ் போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். அப்பாவிடம் இருந்தது கல்யாணப் புடவைகளுக்கான பாவு. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது கெட்டால் அதைக் கொடுத்த பட்டு முதலாளி மறுபடி எங்களுக்குப் பட்டு கொடுக்கமாட்டார். பக்கத்துத் தெருக்களிலோ காலையில் இடம் கிடைக்கவில்லை.

மாமாதான் வழி சொன்னார். அம்மாவின் தம்பி. எதற்கும் யோசிக்காதவர்.

“காலேஜ் நகர்ல போடலாம் மச்சான். ரோடு என்னா நீட்டு! காலைல ஒரு ஆடு மாடு கூட கிடையாது.”

“அவங்க இன்னா சொல்வாங்களோ.”

“யாரு சொல்றது? முனிசிபாலிட்டியா? அதான் அங்க இல்லியே. நம்ம தெருவுல பாவு போடறப்ப யாரையாச்சும் கேட்டுகினா போடறோம்?”

மாமா சொன்னது உண்மைதான். எங்கள் பக்கம் பாவு கிடக்கிற தெருவில் சைக்கிளில் வருகிறவர் தானாக இறங்கி நடப்பார். நூல் அறுந்தால் எந்த வீட்டு வாசலில் அறுந்ததோ அந்த வீட்டுக்காரர் வந்து முடிச்சுப் போடுவார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

விடியும்போது அப்பா, அம்மா, மாமா, நான் நால்வரும் தள்ளுவண்டியில் பாவோடு போய்ச் சேர்ந்தோம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு முனையை விளக்குக் கம்பத்திலும் மறுமுனையை ஒரு மரத்திலும் கட்டி, நடுவில் மூங்கில் கால்களை வைத்து நீட்டினோம். அரக்குச் சிவப்பில் அந்த ரோடு முழுக்கப் பட்டு. கஞ்சி தெளித்து முடித்ததும் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வீடுகளைப் பார்த்துச் சத்தமாக, “வாங்க, வாங்க! ஆளுக்கு ஒரு கை பிடிங்க!” என்றார்.

ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ஒரு நாய் மட்டும் உள்ளேயிருந்து பதில் சொன்னது. பிறகு மாடி ஜன்னல்களில் திரைகள் விலகின. எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் வரவில்லை. அது எனக்குப் புதுமையாக இருந்தது.

நூல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து கார் வெளியே வந்து நின்றது. கண்ணாடி போட்ட பேராசிரியர் இறங்கினார்.

“என்னங்க இது? எனக்கு காலேஜ்ல எக்ஸாம் இருக்கு. நான் போனாத்தான் கொஸ்டின் பேப்பரே பிரிப்பாங்க.”

“கொஞ்சம் காயட்டும் சார்” என்றார் அப்பா. “ஈரத்துல சுருட்டினா நூலெல்லாம் ஒட்டிக்கும். எல்லாம் போயிடும்.”

“அப்ப நான் பறந்தா போறது?”

“சுருட்ட வாணாம் சார்” என்று மாமா முன்னால் வந்தார். “அப்படியே தூக்கி ஓரமா வெச்சிடலாம். விறைப்பு விடாம தூக்கணும். ஆள்தான் பத்தல. நீங்களும் ஒரு கை பிடிச்சா ஜல்தியா முடிஞ்சிடும்.”

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் மனைவி நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் திரும்பிவிட்ட வாட்ச்மேன், பால்காரர், எதிர்வீட்டு டாக்டர் என்று ஒவ்வொருவராக வந்து மூங்கில் காலைப் பிடித்தார்கள். இரண்டு முனைகளையும் அவிழ்த்து அப்பா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் இழுத்துப் பிடித்தார்கள்.

“நான் சொல்றப்பதான் கால எடுத்து வெக்கணும். சார், அவசரப்படாதீங்க! டாக்டர், உங்க பக்கம் தொங்குது பாருங்க!”

அத்தனை படித்தவர்களும் மாமாவின் சொல்லுக்கு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காதீங்க டாக்டர், பாவு ஆடுது” என்று பேராசிரியர் மாமாவுக்கு முன்பாகவே அதட்டினார். பாவு ஓரம் போனதும் பேராசிரியர் காரில் ஏறி, கிடைத்த இடுக்கில் புகுந்து போனார். அறுந்த சில இழைகளை அம்மா முடிந்தாள். பேராசிரியரின் மனைவி என்னருகில் நின்று, “தொட்டுப் பார்க்கலாமா பாப்பா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாவு காய்ந்தது. புடவைகள் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த மாதம் மாமாவின் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது நகரின் வாயிலில் புதிதாக ஒரு இரும்பு கேட் நின்றது. பச்சை பெயிண்ட் இன்னும் மினுமினுத்தது. கார் வந்தால்தான் திறக்கும் என்று வாட்ச்மேன் சொன்னார். மாமா சைக்கிளைத் திருப்பினார். எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. இனி கண்ட கண்ட வண்டியும் உள்ளே வராது, அடுத்த பாவை நிம்மதியாக நீட்டலாம். அன்று சேர்ந்து தூக்கியவர்கள் எங்களை நினைத்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள்.

சில நாள் கழித்துக் கடைவீதிப் பூக்கடையில் பேராசிரியரின் மனைவியைப் பார்த்தேன். புது ஆட்களிடம் வாய் திறக்காத நான், அப்பாவின் கையை விட்டு அவரிடம் போய், “கேட்டு போட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா. இனிமே எங்க பாவுக்கு பயமில்ல” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. அப்பாவைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். கையிலிருந்த மல்லிகைச் சரம் முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டு, தனக்கு வாங்காமலே போய்விட்டார்.

அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். வெட்கப்படாமல் பேசியதற்குப் பாராட்டுவார் என்று, வீடு வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.