தேதி கேட்கும் பெட்டி

எங்கள் வீட்டில் என்னிடம் கேள்வி கேட்ட ஒரே ஜீவன் ஒரு கணினிதான். அதையும் ரிப்பேர் செய்துவிட்டார்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணி, கணக்கெழுதும் தலைமை குமாஸ்தா. மேலே துரை பங்களா, கீழே தொழிலாளர்களின் லயங்கள், நடுவில் எங்கள் வீடு. பங்களாப் பிள்ளைகள் எனக்கு எட்டாத உயரம். லயத்துப் பிள்ளைகளோ, அவர்கள் அம்மாக்களின் கொழுந்து எடையை அப்பா குறைத்துப் போட்டதற்கு என்னைப் பாண்டி ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அம்மா மலைக்குக் கீழே ஈப்போ நகரில் மாமா வீட்டில் இருந்தார். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஈப்போவில் குளிர் கிடையாது; அப்பாவும் கிடையாது. நாள் முழுக்க ஆட்களிடம் கத்திவிட்டு வரும் அப்பா, வீட்டில் தொண்டைக்கு விடுமுறை விட்டுவிடுவார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆபீசுக்குப் புதுக் கணினி வந்தபோது, பழையது எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குள் கடிகாரம் கிடையாது. நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி போட்டதும் இன்று 1980 ஜனவரி ஒன்று என்று நம்பும். பிறகு அதற்கே சந்தேகம் வந்து, இன்று என்ன தேதி, மணி என்ன என்று திரையில் கேட்கும். நான் சொல்வேன். பொய் சொன்னாலும் நம்பும். ஒரே மாதத்தில் அதற்கு நாலைந்து தீபாவளி கொண்டாடிக் காட்டினேன்.

வினை அங்கேதான் வந்தது. அப்பா வீட்டில் அடித்து எடுத்துப்போன கொழுந்துக் கணக்கில் என் தீபாவளி விழுந்திருந்தது. இன்னும் வராத தீபாவளியன்று முடித்த கணக்கை இப்போதே கொண்டுவந்துவிட்டீரே என்று துரை சிரித்தாராம். அப்பா சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

சித்தப்பா பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். லோரி வயரிங் தெரிந்தால் உலகத்து வயரிங்கெல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை உள்ளவர். கோலாலம்பூரில் ஒரு கடிகார அட்டை வாங்கிவந்து கணினிக்குள் சொருகினார். அதில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பேட்டரி.

"இனிமே யாரையும் கேக்காதுண்ணே. கரண்டு போனாலும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும் லா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்னா பாப்பா, கடனா கேட்டுட்டேன்? மூஞ்ச தூக்கி வச்சிருக்கே?"

மறுநாள் பெட்டி கேட்கவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

மலை ஈரம் என் பக்கம் நின்றது. சில வாரங்களில் பேட்டரி கசிந்து, அட்டையின் செம்புக் கோடுகளில் பச்சை பூத்து, கடிகாரம் நின்றது. பெட்டி மறுபடி கேட்டது. நன்றியுணர்ச்சியில் அந்த வாரம் முழுக்க உண்மையான தேதியையே சொன்னேன். சித்தப்பா விடுவாரா? வினிகர்க் காடியில் நனைத்த பழைய பல் பிரஷால் பச்சையைத் தேய்த்தெடுத்தார். அறுந்த கோட்டின்மேல் மெல்லிய வயரை ஈயத்தால் பற்றவைத்தார். புது பேட்டரியை வயர் நீட்டி அட்டைக்கு வெளியே தொங்கவிட்டார். இனிக் கசிந்தாலும் அட்டைக்கு ஒன்றும் ஆகாதாம்.

அன்று மாலை, அது கேட்காவிட்டால் என்ன, நாமே சொல்வோம் என்று தேதியைத் தட்டினேன். 'கெட்ட கட்டளை' என்று ஆங்கிலத்தில் வந்தது. மணியைத் தட்டினேன். அதுவும் கெட்டது. என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் கெட்டதுதான். திரும்பினால், பின்னால் அப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ, திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், பூட்சைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"பாப்பா, இன்னிக்கு என்னா தேதி?"

சொன்னேன்.

"மணி?"

காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிடுமுன் தேதி எழுதுவதே அவர்தான். கடிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. நான் எட்டி அதையே பார்த்துச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாதவர்போலச் சற்று நின்றுவிட்டு உள்ளே போனார். அதற்கடுத்த நாளும் அதே இரண்டு கேள்விகள், அதே வரிசையில்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு, "அப்பாவுக்கு மறதி வந்துருச்சி சித்தப்பா. தெனமும் தேதி கேக்குறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்றேன்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் சித்தப்பா, வாசலில் கிடந்த அப்பாவின் பூட்சைப் பார்த்தார். "கேட்டா சொல்லு பாப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, லோரி டயரை உதைத்துப் பார்க்கப் போனார்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், நோயாளியிடம் காட்டும் பொறுமையோடு.