கைதட்டினால் பாட்டு முடிந்ததா?

"என் பொண்ணு பாங்காக்குல இன்னா பண்றான்னு தெரிஞ்சுகினு நீ இன்னாமே பண்ணப் போற? உன் ஊட்டு அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரு."

திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பில் கேட்கிறவர்களை இப்படித்தான் விரட்டுவேன். உங்களையும் விரட்டிப் பார்த்தாயிற்று, இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சரி.

என் சின்ன மகள் பியானோ வாசிக்கிறவள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து சர்ச்சில் பழகினாள். இப்போது பாங்காக்கில் ஒரு பெரிய ஹோட்டலில் தினமும் சாயங்காலம் வாசிக்கிறாள். ஜாஸ் என்று பெயர். சாப்பிட வருகிறவர்கள் சூப்பை விட்டுத் தலையைத் தூக்குவதில்லை. தூக்கினால், இன்னும் மெதுவாக வாசிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் பிறந்தநாள் பாட்டு கேட்பார்கள். அவளே போட்ட மெட்டுகளை அங்கே வாசிக்க விடமாட்டார்கள். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. எதிர்வீட்டு அம்மாள் அதை 'ஹோட்டல் வேலை' என்பாள். சொல்லும்போது டேபிள் துடைக்கிற மாதிரி கையை வேறு ஆட்டுவாள்.

போன மாதம் அந்த ஊரில் ஒரு இசை விழா. பல குழுக்கள், குழுவுக்கு ஒரு பாட்டு. என் மகளுக்கும் அவளோடு வாசிக்கிற மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. பாட்டு அவளே போட்டது. ஃபோனில் நேரடியாகக் காட்டுவார்கள், பதிவு கிடையாது.

"அம்மா, நடுவுல ஒரு இடம் முழுக்க என்னோடது. அதை மட்டும் நீ கேட்டா போதும்" என்றாள்.

எதிர்வீட்டு அம்மாளையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டேன். பஜ்ஜி போட்டேன். மேல்மாடி ஐடிக்காரர் ஃபோனை டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சாக்ஸபோன்காரன் முன்னால் நின்று, வாயில் இரண்டு கொழுக்கட்டையை அடக்கியவன் போல ஊதிக்கொண்டிருந்தான். என் மகள் ஓரமாக உட்கார்ந்து எப்போதாவது இரண்டு கட்டையைத் தொட்டாள்.

"இன்னாக்கா, உன் பொண்ணு சும்மா குந்திகினு கீது?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

"பொறுமே, வரும்."

ஊதுகிறவன் குழலை இறக்கினான். அரங்கமே கைதட்டியது. எங்கள் கோயில் திருவிழாவில் கைதட்டினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். நாங்களும் தட்டினோம். பெண்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன். என் மகளை வாசிக்க விடாத அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே தட்டுகளைக் கழுவினேன்.

கழுவி முடித்த பிறகு அவள் கூப்பிட்டாள். "கேட்டியாம்மா?"

"இன்னாத்தக் கேக்கறது? அந்த ஊதுறவனே எல்லாத்தையும் ஊதி முடிச்சிட்டானே."

அப்புறம்தான் விளக்கினாள். ஜாஸில் ஒவ்வொருவர் முறை முடியும்போதும், பாட்டு நடுவிலேயே தட்டுவார்களாம். அந்தக் கைதட்டலுக்கு அப்புறம்தான் அவள் முறையாம். மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் வாசித்திருக்கிறாள். கடைசியில் அரங்கமே எழுந்து நின்றதாம்.

"இப்ப வாசிடி. ஃபோன்லயே கேக்கறேன்."

"வராதும்மா. அந்த நிமிஷம் மனசுல வந்தத வாசிச்சது. எனக்கே நெனப்பில்ல."

இது என்ன வித்தையோ. நேற்று வைத்த குழம்பை இன்றைக்கும் வைக்கத் தெரிய வேண்டாமா? இத்தனை வருஷம் சூப்பு குடிக்கிறவர்களுக்கு வாசித்தவள், காது கொடுத்துக் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு தடவை வாசித்தாள். அந்த நேரம் பார்த்து நான் பஜ்ஜித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் பழையபடி ஹோட்டலுக்குப் போய்விட்டாள்.

இங்கே லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டாள். கூடவே மற்றவர்களும். உன் பொண்ணு வாசிக்கவே இல்லையே என்றாள்.

"நீங்கல்லாம் பஜ்ஜி துன்னுட்டு எழுந்து ஓடுனீங்களே, அப்புறந்தான் அவ ஆரம்பிச்சா. ஹாலே எழுந்து நின்னுச்சு" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் முகம் சுண்டிப்போனது. எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"அதெல்லாம் சொன்னா புரியாதுமே" என்றேன். "கேட்டிருக்கணும்."