எதிரிக்கு ஆள் வேண்டும்

எங்கள் போர்கள் எல்லாம் வியாழக்கிழமைகளில்தான் நடந்தன. புனேயில் எங்கள் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். ஊரே ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பட்டறையில் வியர்த்துக்கொண்டிருப்போம். வியாழனன்று சாங்விப் பகுதியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, காதோரம் நரைத்த ஐந்து பேர் பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்திவைத்து, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். குதிரை இத்தனை அங்குலம் ஓடலாம், காலாள் இத்தனை அங்குலம் நடக்கலாம் என்று டேப்பை வைத்து அளப்போம். கேம்ப் கடைத்தெரு நடைபாதையில் கிடைத்த, போர் விளையாட்டு விதிகள் அடங்கிய ஒரு பழைய புத்தகம் பிடிக்கவைத்த பைத்தியம் அது.

வீட்டுக்காரர் மராத்திக்காரர், பிளாஸ்டிக் பட்டறை முதலாளி. அவருக்கு மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, வரைந்து கொடுப்பது என் வேலை. நாங்கள் அவரைச் சேட் என்போம், அவர் என்னை அண்ணா என்பார். தெற்கேயிருந்து வந்த எவனும் அங்கே அண்ணாதான், அதனால் நான் அதில் ஒன்றும் பூரித்துப்போகவில்லை. அவருடைய மைத்துனர்கள் இருவர் உண்டு. ஐந்தாமவர் கோர்படியில் குடியிருந்த, வேலூர்ப் பக்கத்து, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார்.

அதுவரை எங்களிடம் இருந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து யார் யாரோ வாங்கி வந்த ரோமானியர்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு வியாழனன்று சேட் திடீரென்று சொன்னார், எங்களுக்குள் வழக்கமான இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சில்: "அண்ணா, நாம பாட்டில் மூடி ஊத்துறோம். சிப்பாய் ஊத்த முடியாதா?"

ஊற்றலாம். ஆனால் மோல்டுக்குச் சும்மா கிடந்த இரும்புக்கட்டி ஒன்றுதான். ஆகவே ஒரே காலம், ஒரே படை. எந்தப் படை என்பதில் மூன்று வியாழன்கள் போயின, ஒரு பகடைகூட உருளவில்லை.

சுபேதாருக்குத் தான் பணியாற்றிய காலத்துப் படை வேண்டும். "காக்கிச் சட்டைன்னா ஒரே பெயிண்ட்ல வேலை முடிஞ்சிடும் சார்" என்று நியாயம் சொன்னார். சேட்டுக்கு மராட்டா மாவளர்கள், அதாவது மலைக்கோட்டைகளில் ஏறிச் சண்டை போட்ட காலாட்படை. எனக்குச் சோழர். தஞ்சாவூர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? புனேக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்த மேசையில் ஒரே ஒரு முறையாவது என் ஊர்க்காரன் ஒருவன் ஈட்டியோடு நிற்கவேண்டும் என்று எனக்குச் சிறுபிள்ளைத்தனமான ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தூக்கத்தில்கூட அதுதான் ஓடியது.

"சோழர் என்ன உடுத்துவாங்க?" என்றார் சேட்.

"வேட்டி."

"மேலே?"

"ஒண்ணுமில்லை."

"பெட்டியைத் திறந்தா குளிக்கப் போற கூட்டம் மாதிரி இருக்குமே!"

யானைப்படை உண்டு என்று மார்தட்டினேன். யானை அளவுக்குத் தடித்த பிளாஸ்டிக் ஆறும்போது முதுகில் குழி விழும் என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரியும். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, நானே சொல்லித் தொலைத்தேன். கடைசியில் சேட் ஒரே போடாகப் போட்டார்: "உங்க தஞ்சாவூரையும் மராட்டாதானே ஆண்டாங்க? இதைப் போட்டா உங்க படையும் போட்ட மாதிரிதான்." மைத்துனர்கள் கை தூக்கினார்கள். அவர்கள் சேட் தும்மினாலும் கை தூக்குவார்கள்.

மோல்டை நான்தான் வரைந்தேன். இரண்டு பாதியாகப் பிரியும் அச்சில் வாள் சிக்கிக்கொள்ளாதபடி ஒவ்வொரு கையையும் பக்கவாட்டில் நீட்டவைத்தேன். பத்து வகை நிலை. மெஷினிலிருந்து முதல் தடவை சூடாக விழுந்தபோது சேட் அவர்களை உள்ளங்கையில் வைத்து ஊதினார். வர்த்தக ரீதியில் யாரும் சீந்தவில்லை, அது வேறு கதை. நாங்கள் ஐவரும் ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டினோம். சேட் ஒற்றை முடித் தூரிகையால் ஒவ்வொருவனுக்கும் மீசை வைத்தார்.

முதல் போர் நாள். ஐந்து பேரும் பெட்டியைத் திறந்தோம். ஐந்திலும் மராட்டாப் படை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏங்க, சண்டைக்கு ரெண்டு பேர் வேணும்னு அஞ்சு பேர்ல ஒருத்தருக்குமா தோணல?"

ரோமானியர்களை எதிரே நிறுத்தலாமென்றால் காலம் ஒட்டாது. யாராவது ஒருவர் எதிரியாகவேண்டும். சேட் மாட்டார். மைத்துனர்கள் சேட்டுக்கு எதிரே நிற்கமாட்டார்கள். சுபேதார், "பென்ஷன் வாங்கறவன், எதிரியா நிக்க மனசு வரல சார்" என்றார். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை, அன்பாகத்தான் பார்த்தார்கள். பால்கனிக் கம்பிக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டை எடுத்து, என் படையின் தலைப்பாகைகளுக்கெல்லாம் பூசி, எதிரியானேன்.

நான்கு வருஷம். மராட்டாவோடு மோதியவன் வரலாற்றில் தோற்ற பக்கம் என்று சேட் விதி வைத்ததால் எனக்கு உருட்டப் பகடையும் குறைச்சல். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டர்க்காரர் ஆறு மாதம் எங்களோடு ஆடினார். தமிழராயிற்றே, என் பக்கம் வருவார் என்று நம்பினேன். இரண்டாவது வாரமே சேட் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே சிரித்தேன், உள்ளே வலித்தது. இத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டும் நான் எதிர்ப்பக்கத்து ஆள்தானா என்று இருந்தது.

அப்புறம் ஒரு வியாழனன்று சேட் இன்னொரு இரும்புக்கட்டி இருப்பதாகச் சொன்னார். "இந்தத் தடவை அண்ணா சொல்லட்டும்."

நீலத் தலைப்பாகைக்காரர்களுக்கு முறையான உடுப்போடு ஒரு படை கேட்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் புத்திசாலித்தனமும்கூட. என் வாய் "சோழர்" என்றது.

சுபேதார் மெல்லக் கேட்டார்: "சோழருக்கு எதிரா யாரு சார் ஆடுவா?"

மைத்துனர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். நான்கு வருஷம் எதிரியாக உட்கார்ந்திருந்தவனுக்கு, எதிரி வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

சேட் எழுந்து உள்ளே போனார். தன் பெட்டியும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் ஸ்கூட்டருக்கு ஊற்றும் பிரேக் ஆயிலுமாகத் திரும்பி வந்தார். பழைய பெயிண்டை உரிக்க நாங்கள் கண்டுபிடித்திருந்த வழி அது. மீசை வைத்த மாவளர்களில் ஆக நல்லவர்களாகப் பத்துப் பேரைப் பொறுக்கினார்.

"சேட், வேண்டாம். அப்படியே வரட்டும்" என்றேன்.

"அப்படியே வந்தா அது என் படை. உனக்கு எதிரி வேணும்ல?" என்று பத்துப் பேரையும் எண்ணெயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மீசைகள் கழன்று மிதந்தன. நாங்கள் ஐவரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொல்லு அண்ணா, நான் என்ன கலர் தலைப்பாகை கட்டணும்?"

சோழர் சோழர் என்று வருஷக்கணக்கில் புலம்பியவன், அவர்களோடு மோதியவன் என்ன நிறத்தில் இருந்திருப்பான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நீலம்" என்றேன். "வீட்டுல அரை டப்பா மிச்சம் இருக்கு."