சாம்பல் கல்லுக்கு ஒரு நாள் விரதம்

வீட்டுக்காரர் ஃபேக்டரி வேலையை விட்டபோது அழாதவள், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் பட்டறைக்கு முதல் லோரி சாம்பல் வந்து இறங்கிய அன்று அழுதேன். கண்ணெல்லாம் தூசி. நிபோங் திபால் செம்பனை ஆலையின் கொதிகலனில் எரிந்து, குழியில் கொட்டவிருந்த சாம்பல். கொஞ்சம் சிமெண்டும் மணலும் சேர்த்து அச்சில் அழுத்தினால் கல். இதை நெருப்பில் சுடுவதில்லை. தினமும் தண்ணீர் குடித்துக் குடித்தே இறுகும். கைக்குழந்தைகூட இத்தனை தரம் குடிக்காது.

முதல் அடுக்கைப் பார்க்க, வீடு கட்டும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் வீட்டுக்காரர் மறுபடி ஃபேக்டரி சட்டையை மாட்ட வேண்டும். எங்களுக்குள் அதுதான் பேச்சு.

சனிக்கிழமை ஆயுதபூஜை. அச்சு, மண்வெட்டி, கரண்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். கை நிற்கவில்லை, தண்ணீர் விடும் ரப்பர் குழாய்க்கும் வைத்துவிட்டேன். பொட்டு வைத்ததை மறுநாள் மாலைவரை தொடக்கூடாது. இவரோ அதில் கடுகளவும் விட்டுக்கொடுக்காதவர்.

ஞாயிறு வெயில் கற்களின் மேல் ஏறி உட்கார்ந்தது. மேல் வரிசை வெளுத்து, விளிம்பில் முடிபோல் கீறல் விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்காருவதுபோல் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் துணி ஊறவைக்கும் வாளியைத் தூக்கி வந்தேன்.

"அதுவும் சாமான்தானே?" என்றார்.

"இதுக்கு யாரு பொட்டு வெச்சா? நகருங்க லா."

என் பத்தாவது நடையில் இவரும் குழம்புச் சட்டியோடு வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை வந்த தவுக்கே மேல் வரிசையில் ஒரு கல்லை எடுத்து, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் போட்டார். இரண்டாகப் போனது. கீழிருந்து இன்னொன்றை உருவிப் போட்டார். டொக். ஒரு மூலை மட்டும் உதிர்ந்தது. ஏன் இப்படி இரண்டு விதம் என்று மலாயில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத இவர், பூஜைக் கதையை முழுக்க ஒப்பித்தார்.

தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு மதிலுக்கு வேண்டிய கல் கேட்டார். ஒரு நாள்கூடத் தண்ணீர் விடுவது நிற்கக்கூடாது, அடுத்து உங்கள் தீபாவளி வருகிறது, எனக்குத் தெரியும் என்றார்.

அந்தத் தீபாவளி விடியலில், தலையில் எண்ணெய் வழிய வழிய நாங்கள் இருவரும் பட்டறையில் நின்றோம். எங்கள் வீட்டில் முதலில் குளித்தவை கற்கள்தான்.