கொத்திப் போட்ட தரை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம், சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் எனக்கு செக்யூரிட்டி வேலை. அந்த வேலைக்காகத்தான் நானும் என் மனைவியும் இந்த வீட்டுக்குக் குடி வந்தோம். நல்ல வீடு. காற்று வரும், மாதா கோயிலுக்கு நடந்தே போய்ப் பூசை பார்த்துவிட்டு வரலாம். பாத்ரூம் தரை மட்டும்தான் பார்க்கச் சகிக்காது.

வீடு காட்டும்போதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். "தரைய மட்டும் பாக்காதீங்க அண்ணே. முன்ன இருந்த பையன் உளியால கொத்திக் கெடுத்துட்டுப் பூட்டான். டைல்ஸ் போடணும், போடணும்னு சொல்லிகினே கீறேன்."

அம்மிக்கல்லைக் கொத்தி வைத்த மாதிரி இருந்தது அந்தத் தரை. ஒவ்வொரு பள்ளத்திலும் போர் தண்ணீர் உப்பு மஞ்சளாகப் படிந்து, மேலே கறுத்துப் போயிருந்தது. ஆனால் தரை முழுக்க அப்படி இல்லை. வாசலில் தொடங்கிக் குழாய் வரைக்கும் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பாதை. குழாயடியில் ஒரு வட்டம். பிறகு எதிர்ச் சுவர் ஓரத்தில் முறம் அளவுக்குத் தனியாக ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் வழவழவென்று பழைய சிமெண்ட்.

ஒரு மனுஷன் எதற்காகக் குடியிருக்கிற வீட்டுத் தரையைக் கொத்துவான்? அதுவும் விட்டு விட்டு? குளிக்கப் போனால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி கதவைத் தட்டுவாள். "இன்னாங்க, உள்ள புதையலா தேடுறீங்க? அர மணி நேரமா குந்திகினு கீறீங்களே!"

டீக்கடையில் ஒரு கொத்தனாரைக் கேட்டேன். "டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்ன பழைய தரைய இப்டித்தான் கொத்து வுடுவோம், பிடிமானத்துக்கு. பாதில வுட்டுட்டுப் போயிருப்பான்" என்றார். அப்படியானால் ஓரம் முழுக்க ஏன் கொத்தவில்லை, அந்தத் தனித் திட்டு எதற்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

யார் யாரையோ கேட்டேனே தவிர, மாடியிலேயே இருந்த வீட்டுக்காரம்மாவைக் கேட்கவில்லை. குடியிருப்பவன் தரையைப் பற்றிப் பேச்செடுத்தால் குறை சொல்கிறான் என்று ஆகிவிடுமே என்ற பயம்தான்.

இந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்த எங்கள் ஒரே மகளை, தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் அழைத்து வருவதென்று முடிவானது. சம்பந்தியம்மாவும் கூட வந்து விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வீட்டில் குளியலறைச் சுவர் வரைக்கும் டைல்ஸ். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சொந்த வீடு இல்லை, இடிக்கவும் முடியாது. மூடத்தான் முடியும். முதலில் கோணிப்பை விரித்தேன். இரண்டே நாளில் நாறியது. கம்பெனிக்குச் சரக்கு வரும் பெட்டிகளின் பழைய கட்டைகளை ரோட்டோரக் கடையில் வாங்கி வந்து, வரிசையாக ஆணியடித்துப் போட்டேன். தண்ணீரில் ஊறி உப்பி, என் மனைவியின் கால் விரலைப் பதம் பார்த்தது. பிறகு புல் மாதிரி இருக்குமே, பச்சை மேட், அது. "இதுல இன்னா, ஆடு மேய்க்கப் போறோமா?" என்று கேட்டாள். கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில், பளிங்குக் கல் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கிடைத்தது. அளவாக வெட்டி விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். தரையா அது, மாளிகை மாதிரி இருந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட ஏற்றினேன்.

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். சம்பந்தியம்மா பாத்ரூமை எட்டிப் பார்த்து, "பளிச்சுனு வெச்சிகினு கீறீங்களே!" என்றார். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு முழுக்க மனசுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, மகள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்க வந்தாள். "இரும்மா, வெந்நி வெச்சிட்டு வந்துடறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். இரண்டாவது அடியிலேயே விரிப்பு காலோடு சேர்ந்து நகர்ந்தது. எதைப் பிடிப்பது என்று தெரிவதற்குள், முழங்கை தரையில் இடிக்க விழுந்துவிட்டேன். வெந்நீர் முழங்காலில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் என் மகள் வாசலில், ஒரு காலை உள்ளே வைக்கத் தூக்கியபடி நிற்கிறாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

"உள்ள வராத!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும்.

ஓர் அடி அவள் முந்தியிருந்தால்? அதை நினைக்க இன்றும் எனக்குத் தைரியம் இல்லை.

விரிப்பின் ஒரு முனை கிழிந்து மேலே வந்திருந்தது. இழுத்துப் பார்த்தேன். டேப் வழியாகச் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் கொழகொழவென்று பாசி மாதிரி தேங்கி நின்றது. அதன் மேல்தான் நான் மாளிகை கட்டியிருந்தேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்ததும், சுருண்டு கிடந்த விரிப்பையும் கொத்திய தரையையும் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார்.

"அந்தப் பையன் இதுக்குத்தான் கொத்தினான் அண்ணே" என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பையனாம். இங்கே கம்பெனி வேலைக்கு வந்தவன். அவன் மனைவி முதல் தடவை முழுகாமல் இருந்தபோது இதே தரையில் வழுக்கி விழுந்து, குழந்தை தங்கவில்லை. மறுபடி உண்டானதும் ஒரு லீவு நாளில் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டான். "நான் மேல இருந்து எறங்கி வந்து கண்டபடி திட்டுறேன். அவன் நிமிரவே இல்ல. 'ஏசுங்கக்கா, எவ்வளவு வேணாலும் ஏசுங்க. அவ கால் வைக்கிற எடத்த மட்டுந்தான் கொத்துதேன்'னான். பொண்ணு பொறந்துச்சு. அப்பறம் வேல முடிஞ்சி ஊருக்கே பூட்டாங்க."

"முன்னயே சொல்லக்கூடாதாக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எனக்கு அது கெட்டுப்போன தரைன்னுதான் நெனப்பு. நீங்களும் கேக்கலியே."

விரிப்பைச் சுருட்டி வெளியே போட்டோம். பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் வைத்து, முழங்கை வீக்கத்தோடு நானே அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். உப்புக் கறை முழுசாகப் போகவில்லை. ஆனால் ஈரத்தோடு காலை வைத்தால் தரை காலைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மகளை மெதுவாக உள்ளே நடத்திவிட்டு, என் மனைவி துணைக்கு நின்றாள். நான் வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தேன். கையில் இருந்த மாற்றுத் துணியை மாட்ட, மகள் எதிர்ச் சுவர் ஆணியைப் பார்த்துத் திரும்பி எட்டினாள். அவள் இரண்டு காலும் சரியாக அந்தத் தனித் திட்டின் மேல் இருந்தன. இத்தனை நாள் எனக்குப் புரியாமல் இருந்த திட்டு அது. ஒருத்தி துணி மாட்ட எங்கே நின்று எட்டுவாள் என்று கூடப் பார்த்துக் கொத்தியிருக்கிறான்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். வீட்டுக்காரம்மா அதற்குப் பிறகு டைல்ஸ் பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. தினமும் செபமாலை முடிவில் எங்கள் வீட்டார் பேரைச் சொல்லி வேண்டும்போது, முகம் தெரியாத அந்தத் தம்பியையும் அவன் மகளையும் சேர்த்துக்கொள்கிறோம். கண்ணுக்கு அசிங்கமாகப் படுகிற எதையாவது மூடப் போனால், இதை யார், யாருக்காக இப்படிச் செய்து வைத்தார்களோ என்று என் கை இன்றும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.